மணிசங்கர் அய்யர்: மூன்று முறை மாயவரம் எம்.பி., நாம் அவரை எப்படி எடை போடுவது?

வண்டிக்காரத்தெரு எழுதியது:

நம்ம ஊர்ப் பிள்ளைகளிடம் மணிசங்கர் அய்யர் யார் என்று கேட்டுப் பாருங்கள். மோடியைத் தப்பாகப் பேசிக் கட்சியிலிருந்து நீக்கப்பட்டவர் என்பார்கள். 1991, 1999, 2004 என்று மூன்று முறை மயிலாடுதுறை (மாயவரம்) தொகுதியின் எம்.பி.யாக இருந்தவர் என்பதே பலருக்குத் தெரியவில்லை.

பிறந்தது 1941-ல் லாகூரில். டூன் பள்ளி, டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ், கேம்பிரிட்ஜ் என்று படிப்பு. 1963-ல் வெளியுறவுப் பணியில் சேர்ந்து கராச்சியில் இந்தியத் துணைத் தூதராக இருந்தார். பிறகு ராஜீவ் காந்தியின் பிரதமர் அலுவலகம். 1989-ல் வேலையை உதறிவிட்டு அரசியலுக்கு வந்தார். 2004-க்குப் பிறகு பெட்ரோலியம், பஞ்சாயத்து ராஜ், விளையாட்டு, வடகிழக்கு மாநில மேம்பாடு என்று நான்கு துறைகளைப் பார்த்தார். 2006-க்கான சிறந்த நாடாளுமன்ற உறுப்பினர் விருதும் அவருக்குத்தான்.

இவ்வளவு இருந்தும் தொகுதியில் அவரைப் பற்றிய பேச்சு ஏன் இப்படிச் சுருங்கிப்போனது? அவரை ஓட்டுப் போட்டு அனுப்பியவர்களும், போடாமல் எதிர்த்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள். மனதில் பட்டதை எழுதுங்கள். சாதியை இழுக்க வேண்டாம்.

குடந்தை வக்கீல் எழுதியது:

முதலில் தேர்தல் கணக்கைப் பார்த்துவிடலாம். "கூட்டணி தயவில் ஜெயித்தவர்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பாதிதான் உண்மை.

1991-ல் ராஜீவ் படுகொலைக்குப் பிறகு நடந்த தேர்தல். அ.தி.மு.க., காங்கிரஸ் அணி 39 தொகுதிகளையும் அள்ளியது. அந்த வருடம் அந்த அணியில் யார் நின்றிருந்தாலும் ஜெயித்திருப்பார். 1996-ல் கபிஸ்தலத்து மூப்பனார் கட்சியை உடைத்துக்கொண்டு வெளியே வந்து தமிழ் மாநில காங்கிரஸ் (த.மா.கா.) தொடங்கியபோது டெல்டா காங்கிரஸ்காரர்களில் பெரும்பகுதி அவர் பின்னால் போய்விட்டார்கள். மாயவரமும் த.மா.கா.வுக்குப் போனது. 1998-லும் அப்படியே. 2004-ல் தி.மு.க. அணிக்கு மறுபடியும் 39-க்கு 39.

ஆனால் 1999-ஐ யாரும் பேசுவதில்லை. அந்த வருடம் தி.மு.க., பா.ஜ.க. அணி 26 இடம் பிடித்தது. அ.தி.மு.க. அணிக்கு 13. அதில் காங்கிரசுக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு: சிவகங்கை, மயிலாடுதுறை. காற்று எதிர்த்திசையில் அடித்தபோது ஜெயித்த இரண்டு பேரில் இவர் ஒருவர்.

2009 இதற்கு நேர் எதிர். தி.மு.க., காங்கிரஸ் அணி 27 இடம் ஜெயித்த தேர்தலில் இவர் சுமார் 37 ஆயிரம் ஓட்டில் ஓ.எஸ்.மணியனிடம் தோற்றார். 2004-ல் இவரே தோற்கடித்த அதே மணியன். ஈழத்தில் போர் முடிகிற நாட்கள் அவை. காங்கிரஸ் மேல் மக்களுக்கு இருந்த கோபத்தில் ஈரோட்டில் இளங்கோவன், சேலத்தில் தங்கபாலு என்று பெரிய தலைகள் உருண்டன. மாயவரத்துத் தோல்விக்கு அதுமட்டும் காரணமில்லை என்பது என் எண்ணம். ஐந்து வருடம் மத்திய அமைச்சராக இருந்தவரைத் தொகுதியில் பார்க்க முடியவில்லை என்ற பேச்சு கும்பகோணம் கோர்ட் வளாகத்திலேயே பலமாக இருந்தது. 2014-ல் காங்கிரஸ் தனியாக நின்றபோது அவருக்கு டெபாசிட்டும் போனது.

கடைமடை விவசாயி எழுதியது:

வக்கீல் சார் கணக்கு சரி. என் கணக்கு வேறே.

காவிரி நடுவர் மன்ற இறுதித் தீர்ப்பு 2007 பிப்ரவரி 5-ல் வந்துச்சு. தமிழ்நாட்டுக்கு மொத்தம் 419 டி.எம்.சி. அப்ப மத்திய அமைச்சரவையிலே மாயவரம் எம்.பி. இருந்தார். தஞ்சாவூர் எம்.பி. பழனிமாணிக்கம் நிதித்துறை இணை அமைச்சரா இருந்தார். டெல்டாவிலேருந்து ரெண்டு பேர். அந்தத் தீர்ப்பு அரசிதழ்லே ஏறினது 2013 பிப்ரவரியிலே. ஆறு வருஷம் சார்! அதுவும் சுப்ரீம் கோர்ட் நெருக்கின பிறகு.

அந்த ஆறு வருஷத்திலே மேட்டூர் திறக்கிறதையும் மூடறதையும் நம்பித்தான் எங்க வாழ்க்கை ஓடிச்சு. கடைமடைக்குத் தண்ணி வந்து சேர்றதுக்குள்ளே நாத்து பழுத்துப்போயிடும். பாகிஸ்தானோட இடைவிடாம பேசணும்னு ஊர் ஊராப் போய்ச் சொன்னவர், பெங்களூரோட அப்படிப் பேசச் சொல்லிப் பிரதமர்கிட்டே மல்லுக்கு நின்னதா நாங்க கேள்விப்படவே இல்லை. அவர் பெரிய அறிவாளி, ஒத்துக்கறேன். அந்த அறிவு எங்க வாய்க்கால் பக்கம் வரலையேங்கிறதுதான் வருத்தம்.

பெட்ரோலிய அமைச்சரா இருந்தாரே, அதையும் கேக்கணும். நரிமணம், குத்தாலம், கதிராமங்கலம்னு எங்க வயலுக்கு அடியிலேதான் எண்ணெயும் கேஸும் எடுக்கறாங்க. அந்தத் துறையே நம்ம தொகுதி எம்.பி. கையிலே இருந்தப்ப, வயலுக்கு என்ன பாதுகாப்புன்னு ஒரு கேள்வி எழுந்துச்சா?

பேரளம் ஜங்ஷன் எழுதியது:

கடைமடை அண்ணன் சொன்னதோடு ரயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாயவரம், தரங்கம்பாடி ரயில் எண்பதுகளில் நின்றது. ஒவ்வொரு தேர்தலிலும் எல்லாக் கட்சியும் அதைத் திரும்ப ஓட்டுவதாகச் சொல்லி ஓட்டுக் கேட்டார்கள். அவரும் வந்தார், போனார். தண்டவாளம் வரவில்லை.

குடந்தை வக்கீல் எழுதியது:

கடைமடை அண்ணனின் காவிரிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அது நியாயமான கேள்வி. அந்த ஆறு வருடத்துக்கு அமைச்சரவையில் இருந்த தமிழ்நாட்டு எம்.பி.க்கள் அத்தனை பேரும் பொறுப்பாளிகள்.

எண்ணெய் விஷயத்தில் மட்டும் தேதிகளைச் சரியாக வைத்துக்கொள்வோம். மீத்தேன் ஒப்பந்தம் மணிசங்கர் அய்யர் போட்டது என்று கும்பகோணம் பக்கம் இன்னும் பேசுகிறார்கள். மன்னார்குடி மீத்தேன் ஒப்பந்தம் கையெழுத்தானது 2010 ஜூலையில். அவர் பெட்ரோலியத் துறையில் இருந்தது 2004 மே முதல் 2006 ஜனவரி வரை. ஒப்பந்தம் கையெழுத்தானபோது அமைச்சர் முரளி தியோரா. 2011 ஜனவரியில் மாநில அரசு செய்துகொண்ட புரிந்துணர்வு ஒப்பந்தம் தி.மு.க. ஆட்சியில். 2015-ல் தடை செய்தது அ.தி.மு.க. அரசு. கதிராமங்கலத்தில் குழாய் உடைந்து எண்ணெய் பீறிட்டது 2017 ஜூன் 30. டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆனது 2020-ல். இதில் எங்கேயும் அவர் கையெழுத்து இல்லை.

ஆனால் அண்ணன் கேட்டது வேறு கேள்வி. நரிமணம் சுத்திகரிப்பு ஆலை 1993-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. 2004-லேயே வயலுக்கு அடியில் எடுப்பதைப் பற்றிப் பேசியிருக்கலாம். அவரும் பேசவில்லை, நாமும் அப்போது கேட்கவில்லை. விவசாயிகள் அதைக் கையில் எடுத்தது மீத்தேன் வந்த பிறகுதான்.

முன்னாள் ஊராட்சி எழுதியது:

இந்த இழையில் பஞ்சாயத்து ராஜ் என்ற சொல் முதல் பதிவோடு நின்றுவிட்டது. எனக்கு அதுதான் ஆதங்கம். ஊராட்சித் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தவன் என்ற முறையில் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராஜீவ் காந்தி 1989-ல் கொண்டுவந்த 64-வது திருத்த மசோதா மாநிலங்களவையில் தோற்றது. அப்போது பிரதமர் அலுவலகத்தில் அந்த வேலையில் இருந்தவர்களில் ஒருவர் இவர். பிறகு நரசிம்மராவ் காலத்தில் அது 73-வது திருத்தமாக நிறைவேறி 1993 ஏப்ரல் 24-ல் அமலுக்கு வந்தது. அதுவரை ஊராட்சித் தேர்தல் என்பது மாநில அரசு நினைத்தால் நடக்கும், நினைக்காவிட்டால் வருடக்கணக்கில் கிடக்கும். அதன்பிறகுதான் ஐந்தாண்டுக்கு ஒரு தேர்தல், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, ஆதிதிராவிடர்களுக்குச் சுழற்சி முறையில் தலைவர் பதவி எல்லாம் சட்டமாயின. நமது மாநிலச் சட்டம் 1994. முதல் தேர்தல் 1996.

2004-ல் பஞ்சாயத்து ராஜுக்கு என்று தனி அமைச்சகமே உருவாக்கினார்கள். அதன் முதல் அமைச்சர் மணிசங்கர் அய்யர். அந்த வருடத்துக்குள்ளேயே மாநில அமைச்சர்களைக் கூட்டி ஏழு வட்டமேசை மாநாடு நடத்தினார். அவர் திரும்பத் திரும்பச் சொன்னது மூன்று விஷயம்: பணி, பணம், பணியாளர். இன்ன வேலை ஊராட்சியுடையது என்று பிரித்துக் கொடு, அதற்கான பணத்தைக் கொடு, அதைச் செய்யும் ஆளையும் ஊராட்சிக்குக் கீழே கொடு. மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் வீண். உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் இதன் அருமை தெரியும். நம்மிடம் வேலை இருக்கும். பணம் வட்டார வளர்ச்சி அலுவலர் மூலம் வரும். ஆள் வேறு துறையின் கீழ் இருப்பார். தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் மின்கட்டணம் கட்டிவிட்டுப் பார்த்தால் கையில் ஒன்றும் நிற்காது. கலெக்டர் நினைத்தால் மாநில ஊராட்சிச் சட்டத்தின் 205-வது பிரிவில் தலைவரையே நீக்கலாம்.

இன்னொன்று. பின்தங்கிய பகுதிகள் மானிய நிதி என்று 2007-ல் தொடங்கினார்கள். பி.ஆர்.ஜி.எஃப். என்றால் பழைய ஆட்களுக்குத் தெரியும். நாடு முழுவதும் 250 மாவட்டம். தமிழ்நாட்டில் ஆறு மாவட்டத்தில் நாகப்பட்டினமும் ஒன்று. மாயவரம், சீர்காழி, தரங்கம்பாடி எல்லாம் அப்போது நாகை மாவட்டம்தானே. அந்தப் பணத்துக்கான திட்டம் கிராமத்திலிருந்து மேலே போக வேண்டும், மாவட்டத் திட்டக் குழு தொகுக்க வேண்டும் என்பது விதி. டெல்லிப் பணத்துக்கு என்ன வேலை என்று எங்களிடம் கேட்டது எனக்குப் புதுமையாக இருந்தது. சிமென்ட் சாலையோ, அங்கன்வாடியோ, எதுவாக இருந்தாலும் ஊர் கூடி எழுதியது. நடைமுறையில் அதிகாரிகள் தலையீடு இருந்தது, மறுக்கவில்லை. 2015-ல் மத்திய அரசு அந்த நிதியை நிறுத்திவிட்டது.

தன் பெயரைச் சொல்லக் கூடிய கல்வெட்டு எதையும் அவர் அதில் வைக்கவில்லை. ஆகவே இந்தப் பணம் எந்த அமைச்சகத்திலிருந்து வந்தது என்று ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது.

தரங்கை அலை எழுதியது:

முன்னாள் ஊராட்சி ஐயா எழுதியதைப் படித்தேன், நிறையத் தெரிந்துகொண்டேன். நான் 2014-ல் முதல் ஓட்டுப் போட்டவன். எங்களுக்கு அவர் அறிமுகமானதே டி.வி.யில்தான்.

2014 ஜனவரியில் காங்கிரஸ் கூட்டத்தில், மோடி பிரதமராக முடியாது, வேண்டுமானால் இங்கே டீ விற்க இடம் தருகிறோம் என்றார். அடுத்த மாதமே பா.ஜ.க. அந்தப் பேச்சை வைத்தே டீக்கடைப் பிரசாரம் தொடங்கியது. 2015-ல் பாகிஸ்தான் டி.வி.யில் மோடியை நீக்கினால்தான் பேச்சுவார்த்தை நடக்கும் என்ற பொருளில் பேசினார். 2017 டிசம்பர் 7, குஜராத் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னால் பிரதமரை இழிவான சொல்லால் குறிப்பிட்டார். அன்று இரவே கட்சி இடைநீக்கம் செய்தது. அதற்கு முந்தைய நாள் அவர் வீட்டில் பாகிஸ்தான் முன்னாள் வெளியுறவு அமைச்சர் கசூரிக்கு விருந்து, மன்மோகன் சிங்கும் போயிருந்தார். அதைப் பிரதமரே தேர்தல் மேடையில் சதி என்று பேசினார். 2018 ஆகஸ்டில் இடைநீக்கத்தை ரத்து செய்தார்கள். 2024 மே மாதம், தேர்தல் நடந்துகொண்டிருக்கும்போதே 1962 சீனப் படையெடுப்பைப் பற்றிப் பேசிவிட்டு மன்னிப்புக் கேட்டார். 2025-ல் ராஜீவ் காந்தியின் படிப்பைப் பற்றிப் பேசிச் சொந்தக் கட்சியினரிடமே திட்டு வாங்கினார்.

ஐயா, ஒரு தடவை வாய் தவறலாம். தேர்தல் தேதி தெரிந்த, பல வருடம் மேடை பார்த்த மனிதர் ஒவ்வொரு தேர்தலுக்கும் இப்படிப் பேசினால் அதற்கு விலை கொடுப்பது யார்? அவர் சொன்ன நல்ல விஷயங்களும் சேர்ந்து மூழ்கிப்போயின. டீ விற்றவரைப் பற்றி அப்படிப் பேசியது எங்கள் அப்பாவுக்கு வலித்தது. அவர் பா.ஜ.க. இல்லை. பஸ் ஸ்டாண்டில் கடை வைத்திருந்தவர்.

திருமருகல் எழுதியது:

தம்பி தரங்கை அலை, உங்க அப்பாவுக்கு வலிச்சது நியாயம். அந்த டீப் பேச்சை நானும் ஆதரிக்க மாட்டேன். தொழிலை வைத்து மனுஷனை அளக்கிறது, அதுவும் காங்கிரஸ் மேடையிலே, தப்புதான்.

ஆனா எல்லாச் சர்ச்சையையும் ஒரே மூட்டையிலே கட்டக் கூடாது. வாய்க்கொழுப்பால வந்தது வேறே, கொள்கையால வந்தது வேறே. ரெண்டாவதிலே பல இடத்திலே அவர் பக்கம் நியாயம் இருந்துச்சு.

2004-ல் அந்தமான் சிறையிலே சாவர்க்கர் வாசகம் இருந்த பலகையை எடுக்கச் சொன்னது கொள்கை. பிடிக்கலாம், பிடிக்காம போகலாம். ஈரான்லேருந்து பாகிஸ்தான் வழியா குழாயிலே எரிவாயு கொண்டுவர்ற திட்டத்துக்காக ஓடி ஓடி வேலை பார்த்ததும் கொள்கை. 2006 ஜனவரியிலே சீனாவோடு, ரெண்டு நாடும் வெளிநாட்டு எண்ணெய் வயலுக்குப் போட்டி போட்டு விலையை ஏத்த வேண்டாம்னு ஒப்பந்தம் செஞ்சுட்டு வந்தார். அந்த மாசக் கடைசியிலேயே பெட்ரோலியத்தைப் பிடுங்கிட்டாங்க. அமெரிக்காவோட அணு ஒப்பந்தப் பேச்சு நடந்துக்கிட்டிருந்த நேரம். 2011-ல் வெளியான விக்கிலீக்ஸ் ஆவணத்திலே அந்த மாற்றத்தை அமெரிக்கத் தூதரகம் திருப்தியோட குறிச்சிருந்தது.

விளையாட்டுத் துறைக்கு வந்தப்ப காமன்வெல்த் போட்டிக்குச் செலவழிக்கிறதை மந்திரியா இருந்துக்கிட்டே எதிர்த்தார். ஆசியப் போட்டியை டெல்லிக்குக் கேக்கக் கூடாதுன்னார். எல்லாரும் தேசத்துக்கு எதிரானவர்னு பேசினாங்க. 2008-ல் அந்தத் துறையும் போச்சு. காமன்வெல்த் முடிஞ்ச அடுத்த வருஷம் போட்டி ஏற்பாட்டுக் குழுத் தலைவர் சுரேஷ் கல்மாடி ஊழல் வழக்கிலே கைதானார். அந்தப் பணத்தைக் கிராமத்து விளையாட்டு மைதானத்துக்குப் போடணும்னுதான் அவர் கேட்டது. பைக்கா திட்டம் அப்படி வந்ததுதான். ஊராட்சிக்கு ஒரு மைதானம், அதுக்கு உபகரணம். எங்க பக்கம் அந்த மைதானத்திலே இப்பவும் பிள்ளைங்க வாலிபால் ஆடறாங்க.

கடைமடை விவசாயி எழுதியது:

திருமருகல் அண்ணே, மைதானம் நல்ல விஷயம். நான் பேசினது தண்ணி. ரெண்டையும் குழப்ப வேண்டாம்.

இன்னொரு விஷயம் இங்கே யாரும் தொடலை. 2009-ல் நாம தோக்கடிச்சோம். 2010-ல் அவர் நியமன உறுப்பினரா மாநிலங்களவைக்குப் போயிட்டார். இலக்கியம், அறிவியல், கலை, சமூக சேவையிலே பெரிய ஆளுங்களுக்கு ஒதுக்கின 12 இடத்திலே ஒண்ணு. மக்கள் வேண்டாம்னு சொன்ன ஒரு வருஷத்திலே பின்வாசல் வழியா அவைக்குப் போறது, அடித்தட்டு ஜனநாயகம்னு பேசறவருக்கு அழகா? எந்தக் கட்சிக்காரன் செஞ்சிருந்தாலும் இதே கேள்வியைத்தான் கேப்பேன்.

முன்னாள் ஊராட்சி எழுதியது:

கடைமடை அண்ணன் கேட்பது சரி. அந்த நியமனத்தை நானும் ஏற்கவில்லை. எழுத்தாளர், பத்தி எழுதுபவர் என்று நியாயம் சொன்னார்கள். அந்த இடம் கட்சிக்காரருக்கு உரியதல்ல.

ஆனால் தம்பி தரங்கை அலை கேட்டதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். விலை கொடுத்தது யார் என்றீர்கள். காங்கிரஸ் கொடுத்தது, அவரும் கொடுத்தார். ஊராட்சியும் கொடுத்தது என்பேன். அவர் வாயைத் திறந்தால் மறுநாள் என்ன சர்ச்சை என்று பார்க்கப் பழகிவிட்டோம். பஞ்சாயத்து அமைச்சகம் பிறகு கையளவு நிதியோடு சுருங்கியபோது டெல்டாவில் ஒருவரும் கேட்கவில்லை.

2016 அக்டோபரில் ஊராட்சிப் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2019 டிசம்பரில்தான். நடுவில் மூன்று வருடம் தனி அலுவலர். ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் என்று அரசியல் சட்டமே சொல்லியும் நடந்தது இது. அப்படி வந்தவர்களின் காலமும் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, டெல்டா ஊராட்சிகள் மறுபடியும் தனி அலுவலர் கைக்குப் போயின. குடிநீர் வரவில்லை என்றால் போய்க் கேட்க வார்டு உறுப்பினர் கூட இல்லாத நிலை. 1989-ல் அவர்கள் உட்கார்ந்து யோசித்தது இதைத் தடுக்கத்தான். இதற்காகச் சாலைக்கு வந்த கட்சி எத்தனை? அவர் 2017-ல் சொன்ன ஒரு சொல்லுக்கு நாடே ஒரு வாரம் பேசியது.

தரங்கை அலை எழுதியது:

ஐயா, கோபத்தில் எழுதவில்லை. உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அந்தச் சொல்லைச் சொன்னவர் ஊடகமில்லை, அவர்தான். ஊராட்சியைப் பற்றி இவ்வளவு அக்கறை உள்ளவர் அதைக் காப்பாற்றவாவது நாக்கை அடக்கியிருக்க வேண்டும் என்பது என் நிலை. இதில் நான் மாறப்போவதில்லை.

பேரளம் ஜங்ஷன் எழுதியது:

ஒன்று விட்டுப்போச்சு. மயிலாடுதுறைக்கு அவருக்குப் பிறகு மணியன், பாரதி மோகன், ராமலிங்கம், இப்போது சுதா என்று எம்.பி.க்கள் வந்தார்கள். அ.தி.மு.க., தி.மு.க., காங்கிரஸ், எல்லாக் கட்சியும். தரங்கம்பாடி ரயில் விஷயத்தில் அவரை மட்டும் குறை சொன்னது போல என் பதிவு தெரியக் கூடாது. கேள்வி எல்லாருக்கும்.

நெறியாளர்:

மதம், சாதி சார்ந்த இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. மற்றபடி இழை திறந்தே இருக்கும்.

வண்டிக்காரத்தெரு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கடைமடை அண்ணனின் காவிரிக் கேள்வியும் முன்னாள் ஊராட்சி ஐயாவின் பி.ஆர்.ஜி.எஃப். விவரமும் ஒரே மனிதரைப் பற்றியவைதான். இரண்டும் உண்மை என்றே நினைக்கிறேன். ஒன்றை வைத்து மற்றொன்றை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. டீப் பேச்சை என்னால் மன்னிக்கவும் முடியாது.

ஒரு வேலை செய்யலாம். 2007 முதல் 2015 வரை பழைய நாகை மாவட்டத்தில் அந்த நிதியில் எந்தெந்த ஊராட்சியில் என்ன வேலை நடந்தது என்று தகவல் அறியும் சட்டத்தில் மனுப் போடுகிறேன். மயிலாடுதுறை தனி மாவட்டம் ஆகிவிட்டதால் நாகை, மயிலாடுதுறை இரண்டு கலெக்டர் அலுவலகத்துக்கும் போட வேண்டியிருக்கும். வக்கீல் சார் மனுவை ஒருமுறை பார்த்துக்கொடுத்தால் நல்லது. சீர்காழி, குத்தாலம், செம்பனார்கோவில் ஒன்றியங்களில் பழைய தலைவர்கள் யாராவது தீர்மானப் புத்தகம் வைத்திருந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள்.

குடந்தை வக்கீல் எழுதியது:

அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். மாவட்டத் திட்டக் குழு கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளையும் சேர்த்துக் கேளுங்கள். எந்த ஊர் கேட்டது, எது மேலே போகவே இல்லை என்பது அதில்தான் தெரியும். கடைமடை அண்ணே, நீங்கள் சொன்ன அந்த ஆறு வருடத்தில் காவிரி பற்றி டெல்டா எம்.பி.க்கள் அவையில் என்ன கேட்டார்கள் என்பது மக்களவைக் கேள்வி பதில் பதிவுகளில் இருக்கும். அதை நான் எடுக்கிறேன்.

கடைமடை விவசாயி எழுதியது:

எடுங்க சார். மணிசங்கர் அய்யர், பழனிமாணிக்கம் மட்டும் பத்தாது. நாகப்பட்டினம் எம்.பி.யும் சேத்து எடுங்க. அவங்க அமைச்சரா இல்லாத வருஷத்திலே கேட்டதும் வேணும்.